மனதை விட்டுப் போகாத அந்த ஒரு குவெஸ்ட் (கேமுக்குள் வரும் பணி): ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக இருந்து ஆடும் கேம்) ஆடுபவர்கள் பகிருங்கள்

நள்ளிரவு_சேவ்

விட்சர் 3 முடித்து நாலு வருஷம் ஆகிறது. ப்ளடி பாரன் குவெஸ்ட் மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஸ்பாய்லர் உண்டு. 2015-இல் வந்த கேம், எல்லாரும் ஆடியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கேமில் வரும் வெலன் என்ற சதுப்புப் பகுதி உங்களுக்குத் தெரியும். அதை ஆளும் பிரபுதான் பாரன், குடிகாரன், மனைவியை அடித்தவன். ஆரம்பத்தில் அவனைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. அப்புறம் குறைப்பிரசவத்தில் போன அந்தக் குழந்தை பாட்ச்லிங் என்ற பேயாக எழுந்து வருகிறதே, அதைக் கொல்லாமல் அவன் கையிலேயே கொடுத்தேன். இருட்டில் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறான். அது திமிறும்போதெல்லாம் நான் ஆக்ஸி என்ற மந்திரம் போட்டு அடக்குகிறேன். வாசற்படிக்கு அடியில் புதைத்து, டியா என்று பெயர் வைக்கிறான். வேண்டாம் என்று நினைத்தும் அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது.

பிறகு சதுப்பில் மூன்று சூனியக் கிழவிகள், அவர்கள் பிடியில் அனாதைக் குழந்தைகள், குன்றில் மரத்தடியில் கட்டுண்டு கிடக்கும் ஆவி. என்னை அவிழ்த்துவிடு, அந்த அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. கிழவிகள் அந்தக் குழந்தைகளை என்ன செய்வார்கள் என்று தெரிந்த பிறகு எப்படி மறுப்பது? எலும்பு, அண்டங்காக்கை இறகு, குதிரை எல்லாம் தேடிக் கொண்டுபோய் விடுவித்தேன். ஆவி சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் கிழவிகளின் கோபம் பாரன் மனைவி அன்னா மேல் திரும்பியது. அவள் நீர்ப்பேயாக உருமாறிவிட்டாள். சாபத்தை நீக்கியும் பிழைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து பாரனின் கோட்டையான க்ரோஸ் பெர்ச் போனேன். முற்றத்து மரத்தில் பாரன் தொங்குகிறான்.

கை தானாக லோடு மெனுவுக்கு (சேமித்து வைத்த பழைய கட்டத்துக்கு, அதாவது சேவுக்கு, திரும்பும் இடம்) போனது. எந்த சேவுக்குப் போவது? ஆவியை விடுவித்தது எப்போதோ நடந்த வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ குவெஸ்ட் முடித்தாகிவிட்டது. மெனுவை மூடிவிட்டு மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஆவியைக் கொன்றவர்கள் இங்கே யாராவது இருந்தால், அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நான் மறுபடி ஆடவில்லை, தேடிப் படிக்கவும் இல்லை.

பழைய_பென்டியம்

தம்பி, இது உங்கள் காலத்துக்கு முன்பே உண்டு. 1985-இல் வந்த அல்டிமா 4. நான் ஆடியது வெகு பின்னால், இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு. கடைசியில் கொல்ல வேண்டிய அரக்கன் என்று ஒருவனும் இல்லாத கேம். எட்டு நற்குணங்களில் நீங்கள் தேற வேண்டும்.

மந்திரத்துக்கு வேண்டிய மூலிகை விற்பவள் பார்வையற்ற பெண். இன்ன விலை என்று சொல்வாள், காசை நீங்களே எண்ணிப் போட வேண்டும். திரையில் ஒரு எண் கேட்கும், அவ்வளவுதான். ஒன்று என்று தட்டினேன். நன்றி சொல்லி மூலிகையைக் கொடுத்தாள். காவலன் யாரும் ஓடி வரவில்லை. அடுத்த முறையும் ஒன்று.

ரொம்ப நாள் கழித்து, அரண்மனையில் இருக்கும் ஞானி ஹாக்விண்டிடம் போய் நேர்மையில் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைப் படித்ததும் அந்தப் பெண்ணின் கடைதான் கண்முன் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த ஒவ்வொரு காசையும் கேம் கணக்கில் வைத்திருக்கிறது. அன்று இரவே திரும்பிப் போய் முழு விலை கொடுத்து வாங்கினேன், தேவையில்லாத மூலிகையும் சேர்த்து.

1995-இல் வந்த க்ரோனோ ட்ரிகரின் வழக்கு விசாரணையும் இதே ரகம். திருவிழாவில் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை விளையாட்டாகத் தின்றிருப்பீர்கள், அது நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நிற்கும்.

எஸ்டஸ்_குப்பி

நள்ளிரவு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தேர்வு, விளைவு, இதுதான் ஆர்பிஜி என்று எங்கே போனாலும் பேச்சு. என்னை அதிகம் உலுக்கிய இடத்தில் எனக்குத் தேர்வே கிடையாது.

டார்க் சோல்ஸ் (2011), ஆர்டோரியஸ் என்ற வீரனின் கல்லறை, அதைக் காக்கும் ஓநாய் சிஃப். அந்தப் பெரிய ஓநாய் எசமானின் வாளை வாயில் கவ்விக்கொண்டு சண்டைக்கு வரும். அது காவல் காக்கும் மோதிரம் இல்லாமல் அபிஸ் என்ற இருள் பாதாளத்துக்குள் இறங்க முடியாது, அதனால் கொன்றே ஆக வேண்டும். நான் ஏழெட்டு முறை செத்தேன். நல்ல வெறியில் இருந்தேன். உயிர்க்கோடு கடைசித் துளிக்கு வந்ததும் அது நொண்ட ஆரம்பித்தது. வாளை வீசப் பார்க்கிறது, பாரம் தாங்காமல் தானே சாய்கிறது. மறுபடி எழுந்து என்னைப் பார்த்து வருகிறது.

இன்னும் ஒரே அடி. என்னால் அடிக்க முடியவில்லை. கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன், வேறு ஏதாவது வழி திறக்கும் என்று. திறக்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில், கூடுதல் பகுதியில் வரும் குட்டி சிஃபை முதலில் காப்பாற்றிவிட்டு அங்கே போனேன். அறிமுகக் காட்சியே மாறியிருந்தது. கிட்டே வந்து மோப்பம் பிடிக்கிறது, என்னை அடையாளம் தெரிந்துகொள்கிறது. தெரிந்துகொண்டும் வாளை எடுக்கிறது.

யாரும் என்னிடம் 'அ'வா 'ஆ'வா என்று கேட்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி அடிக்கான பட்டனை அழுத்தியது என் விரல். படமாகப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன், மறுநாள் மறந்தும் போயிருப்பேன்.

பாக்கெட்_சிங்கம்

எல்லாரும் கதையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எண்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லெவல், அனுபவப் புள்ளி, இதெல்லாம் வெறும் கணக்கு என்று நினைப்பவர்கள் போக்கிமானில் ஒரு நஸ்லாக் ஆடிப் பாருங்கள். ஒரு பகுதியில் முதலில் எதிர்ப்படுவதை மட்டும் பிடிக்கலாம், எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டும், மயங்கி விழுந்தால் செத்த கணக்கு. இது கேமில் இல்லாத விதி, ஆடுபவர்களே போட்டுக்கொண்டது.

நான் ஆடியது போக்கிமான் ஃபயர்ரெட். என் பிஜி என்ற பறவையின் பெயர் முனியன். உருவத்தில் சாதாரணப் புறா. 3-ஆம் லெவலில் பிடித்தது. புல்வெளியில் நூற்றுக்கணக்கான சண்டை போட்டு 19 வரைக்கும் கொண்டுவந்தேன், நடுவில் அடுத்த வடிவமான பிஜியாட்டோவாகவும் வளர்ந்தான். எதிராளி மிஸ்டியின் போக்கிமான் ஸ்டார்மி 21-ஆம் லெவல். மணலைக் கிளப்பி அதன் குறியைக் கெடுத்துவிட்டேன், இரண்டு முறை தவறவிட்டது. மூன்றாவது முறை தண்ணீர் அடி விழுந்தது, கிரிட்டிகல், வழக்கத்தைவிடப் பலத்த அடி.

விதிப்படி விடுவிக்க வேண்டும். பெட்டியில் போய் பெயரைத் தேர்ந்தெடுத்தால் உறுதியா என்று கேட்கும். ஆம் என்றதும் 'பை பை, முனியன்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். முனியனுக்கு ஒரு வசனம்கூட யாரும் எழுதவில்லை. 16 லெவல் ஏற்றினேன், அந்த நேரம் முழுக்க அவனோடு இருந்தேன், அதுதான் கதை.

இருபது_முகம்

பால்டர்ஸ் கேட் 3. ட்ரூயிட் எனும் இயற்கை மந்திரவாதிகளின் தோப்பு. அரபெல்லா என்ற சின்னப் பெண் திருடியதற்காக ட்ரூயிட்களின் தலைவி ககா அவள் முன்னால் பாம்பை விட்டு வைத்திருக்கிறாள். பேசிச் சமாதானம் பண்ணப் போனேன். இருபது முகப் பகடை உருண்டது: 1. பாம்பு கொத்தியது, குழந்தை செத்துவிட்டது. வெளியே அவளுடைய அம்மா அப்பா நிற்கிறார்கள். அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். நான் லோடு பண்ணவில்லை.

இதைப் படிக்கும் புதியவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பகடைக்கும் முன்னால் எஃப்5 (சேவ்), தோற்றால் எஃப்8 (லோடு) என்று ஆடாதீர்கள். 1 விழுந்தால் தோல்வி, உங்களிடம் பகடையோடு சேரும் எவ்வளவு பெரிய கூட்டுப் புள்ளி இருந்தாலும் சரி. இருபதில் ஒரு முறை அது வரத்தான் செய்யும். அதற்குத்தான் இன்ஸ்பிரேஷன் புள்ளி வைத்திருக்கிறார்கள், நாலு வரைக்கும் சேர்க்கலாம், தோற்றால் ஒன்றைக் கொடுத்து மறுபடி உருட்டலாம். பெரும்பாலோர் அதைக் கடைசிவரை தொடுவதே இல்லை. கூட வரும் ஷேடோஹார்ட்டிடம் கைடன்ஸ் மந்திரம் இருக்கிறது, நாலு முகப் பகடை ஒன்றைக் கூட்டித் தரும், பேச்சுவார்த்தைக்கு முன்னால் போடப் பழகுங்கள். கேரக்டரை எப்படிக் கட்டுவது என்று வீடியோ பார்த்துக் குழம்ப வேண்டாம். முகாமில் இருக்கும் விதர்ஸிடம் 100 பொன் கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே சேவ் மட்டும் உள்ள ஹானர் மோடில் முதல் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள், அது கேமை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு.

முக்கியமாக இது. 1974-இல் இந்த கேமின் மூலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு வந்த நாளிலிருந்து மேசையில் ஆடுபவர்கள் விழுந்த பகடையோடுதான் வாழ்கிறார்கள். தோற்றால் கதை நிற்காது, வேறு பக்கம் போகும். ஜெயித்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கதை சப்பென்று இருக்கிறது என்று சொன்னால் அதில் நியாயமில்லை.

தூங்காத_அம்மா

இருபது முகம், அறிவுரைக்கு நன்றி. ஆனால் எனக்கு ராத்திரி குழந்தை தூங்கினால் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அதில் ஒரு குழந்தை பாம்பு கடித்துச் சாவதை என்னால் தாங்க முடியாது. நான் லோடு பண்ணுவேன். அதில் தப்பு இருப்பதாக நினைக்கவில்லை.

ஒரே ஒரு கேம் மட்டும் நான் லோடு பண்ணியதைச் சும்மா விடவில்லை. அண்டர்டேல். 2015-இல் டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனி ஆளாகச் செய்தது.

டோரியல் என்ற அன்பான அரக்கி உங்களை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டுப் படுக்க வைப்பாள். கிளம்ப வேண்டும் என்றால் வழியை மறிப்பாள். சண்டை. போக்கிமான் ஆடிய பழக்கத்தில், கொஞ்சம் பலவீனமாக்கினால் விட்டுவிடுவாள் என்று அடித்தேன். ஒவ்வொரு அடியும் சின்னதாகத்தான் குறைத்துக்கொண்டு வந்தது. ஒரு அடி மட்டும் திடீரென்று மிச்சம் இருந்த உயிர் அத்தனையையும் எடுத்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே செத்தாள்.

உடனே லோடு. இந்த முறை ஒரு அடிகூட அடிக்கவில்லை. மன்னிப்பு பட்டனை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் அடிக்கும் நெருப்பு கடைசியில் வேண்டுமென்றே என்னை விட்டு விலகிப் போனது. கட்டி அணைத்து வழியனுப்பினாள். சரி, தப்பு திருத்தியாகிவிட்டது என்று கதவைத் தாண்டிப் போனால் கேமில் வரும் பேசும் பூ நிற்கிறது. நீ முதலில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது.

லேப்டாப்பை மூடிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் என் பிள்ளை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இருபது_முகம்

அக்கா, உங்கள் கதையே நான் சொன்னதைத்தானே சொல்கிறது? லோடு பண்ணியதை ஒரு கேமாவது நினைவில் வைத்துக்கொண்டது, அதனால்தான் பத்து கேம் ஆடினாலும் அது ஒன்று உங்கள் மனதில் நிற்கிறது.

தூங்காத_அம்மா

இல்லை தம்பி. லோடு பண்ணியதால்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது. அந்த அணைப்பும் எனக்கு நிற்கிறது.

பனங்கூடல்

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன்.

கிங்டம் கம் டெலிவரன்ஸ், 1403-ஆம் ஆண்டு பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் பகுதி). ஹென்றி ஒரு கொல்லன் மகன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியாமல் ஒரு புத்தகத்தைத் திறந்தேன். எழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. கேமில் ஏதோ பிழை என்று நினைத்து இரண்டு முறை மூடித் திறந்தேன். பிறகுதான் விளங்கியது, அவன் பார்ப்பதைத்தான் நானும் பார்க்கிறேன்.

உஷிட்ஸ் ஊரில் ஓர் எழுத்தர் இருக்கிறார், காசு கொடுத்தால் சொல்லித்தருவார். உடனே வந்துவிடாது, மெதுவாகத்தான் வரும். பாடம் முடிந்து அதே புத்தகத்தைத் திறந்தபோது சொற்கள் ஒழுங்காக நின்றன. வாள் சண்டையில் எத்தனையோ பேரை வென்றிருக்கிறேன், எதிலும் அந்தச் சந்தோஷம் வரவில்லை.

என் அம்மம்மாவுக்குக் கைநாட்டுத்தான். மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்ப்பா. அந்தப் பார்வை சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை.

எஸ்டஸ்_குப்பி

பனங்கூடல், இதற்காகவே இன்று அந்த கேமை வாங்குகிறேன். பாக்கெட் சிங்கம், முனியன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். சிஃபோடும் எட்டாவது முறை சண்டை போட்டதால்தான் எனக்கு அப்படி ஆனது, முதல் முறையே ஜெயித்திருந்தால் அது நொண்டுவதைக் கவனித்திருக்க மாட்டேன்.

கரிசல்

நள்ளிரவு, நீங்கள் கேட்டீர்களே, நான் விட்சர் 3-இல் அந்த ஆவியைக் கொன்றவன். மரத்துக்குள்ளிருந்து பேசும் ஒன்றை நம்பி அவிழ்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.

பாரன் சாகவில்லை. அன்னாவும் சாகவில்லை, ஆனால் புத்தி பேதலித்துவிட்டது. நீல மலையில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். குடியை விட்டுவிட்டதாகச் சொன்னான். நான் நம்பினேன். நல்ல முடிவு என்றே நினைத்துக்கொண்டு மேலே ஆடினேன்.

பிறகு ஒருநாள் சதுப்பு வழியாகப் போகும்போது அந்த அனாதைக் குழந்தைகளின் குடிசைக்குப் போனேன். முதல் தடவை வந்தபோது அவர்களோடு கண்ணாமூச்சி ஆட வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்தேனே. இப்போது யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்தும், அன்று அவர்கள் ஒளிந்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.