ஆண்கள் ஞாயிறுக்கு என்ன பேசுவது?

குடும்ப ஜெபக் குழு, வியாழன் இரவு

ஜான்: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற வாரம் நம் சபையில் ஆண்கள் ஞாயிறு, போதகர் ஐயர் என்னைச் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். முழு இருதயத்தோடு கர்த்தரைப் பின்பற்றும் ஆண்கள் என்பது தலைப்பு. வேதத்தில் வரும் காலேபை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பெரியப்பா, சரியாக வருமா?

பெரம்பூர் பெரியப்பா: நல்லா வரும் தம்பி. ஆனால் 85 வயதில் மலைநாட்டைக் கேட்டார் என்பதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள், நீ அதற்கு முந்தினதைப் பேசு. மோசே அனுப்பி கானான் தேசத்தை வேவு பார்க்கப் போன 12 பேரில் இவரும் யோசுவாவும்தான் போகலாம் என்றவர்கள். மற்ற 10 பேர் பயந்ததற்கு இவரும் சேர்ந்து வனாந்தரத்தில் அலைந்தார். வாக்குக் கிடைத்து 45 வருஷம் கழித்துத்தான் அந்த மலைநாட்டு எப்ரோன் கைக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் இவர் முறுமுறுத்தார் என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது.

தாம்பரம் சித்தப்பா: யூதாவின் ராஜா அமத்சியாவையும் சேர்த்துக்கொள். 2 நாளாகமம் 25. செம்மையானதைத்தான் செய்தான், ஆனால் முழுமனதோடு செய்யவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. 100 தாலந்து வெள்ளி கொடுத்து இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் போர்வீரரைக் கூலிக்கு எடுத்திருந்தான். தேவமனுஷன் வந்து அவர்களை அனுப்பிவிடு என்றதும், அப்போ நான் கொடுத்த 100 தாலந்து என்னாவது என்று கேட்கிறான். கீழ்ப்படிந்தான், அனுப்பியும் விட்டான், ஆனாலும் மனசு அந்த வெள்ளியிலேயே இருந்தது. ஏதோமியரை ஜெயித்த கையோடு அவர்களுடைய தெய்வங்களையே கொண்டு வந்து கும்பிட்டான். பாதி மனசு எங்கே கொண்டுபோய் விடும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஜான்: இது அருமை சித்தப்பா. குறித்துக்கொண்டேன்.

ராயபுரம் அத்தை: எல்லாம் சரி. நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. நம் சபையில் கமிட்டி எலெக்‌ஷன் என்றால் ஆண்கள் ராத்திரி 11 மணி வரைக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். அதே வீடுகளில் குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவது அம்மா, பாட்டு ஆரம்பிப்பது அம்மா, வேதம் வாசிப்பது அம்மா. அவர் ஹாலில் போனோடு இருப்பார், பரமண்டல ஜெபம் வரும்போது அங்கிருந்தே ஆமென் சொல்வார். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அதை நேராகப் பேசு ஜான்.

அம்மா: அத்தை சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

பெரம்பூர் பெரியப்பா: எங்கள் அப்பா பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை முடித்து வருவார். கையில் கிரீஸ் போக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பாயில் வந்து உட்காருவார். குரல் வராது, ராகம் எங்கேயோ போகும், ஆனாலும் கீர்த்தனையை அவர்தான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அம்மாவோடு சண்டை போட்டிருந்தால் பாட்டு ஆரம்பிக்காது. எங்கள் எல்லார் முன்னாலும் "என் மேலதான் தப்பு, மனசுல வச்சிக்காத" என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மா தலையாட்டின பிறகுதான் ஜெபம். காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதை நான் பிரசங்கத்தில் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பாயில் பார்த்துவிட்டேன்.

ஜான்: பெரியப்பா, தாத்தாவைப் பற்றி இதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நாளைக்குச் சாயங்காலம் போன் பண்ணுகிறேன், இன்னும் கேட்கணும்.

ராயபுரம் அத்தை: காலேபின் மகள் அக்சாளையும் விட்டுவிடாதே. கழுதையிலிருந்து இறங்கினதுமே, உனக்கு என்ன வேண்டும் என்று அப்பாவே கேட்கிறார். வறண்ட நிலம் கொடுத்தீர்கள், தண்ணீரும் கொடுங்கள் என்று அவள் கேட்கிறாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஊற்றுகளையும் கொடுக்கிறார். இராட்சதரான ஏனாக்கியரை விரட்டின மனுஷனிடம் மகள் பயமில்லாமல் பேச முடிந்தது பார்.

ராயபுரம் மாமா: அப்படியென்றால் பெண்ணுக்குச் சீர் கொடுப்பது வேதத்திலேயே இருக்கிறதே.

பிரியா: மாமா, அது அவளாகக் கேட்டு அப்பா சந்தோஷமாகக் கொடுத்தது. மாப்பிள்ளை வீட்டார் இத்தனை பவுன் என்று பேசி வாங்கினது இல்லை. போன மாசம் என்னைப் பெண் பார்க்க வந்தவர், பெயர் சொல்ல மாட்டேன், வாராவாரம் சாட்சி சொல்கிறவர். உட்கார்ந்து ஜெபம் பண்ணினார், ஆமென் சொன்ன வாயோடு எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல முடியாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஜான் அண்ணா, அவர் மாதிரி ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை உன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தாம்பரம் சித்தப்பா: பிரியா சொன்னதைக் கட்டாயம் பேச வேண்டும். அசரியா பேராயர் 1898-இல் கல்யாணம் பண்ணினார், வரதட்சணை கிடையாது. அவர் திருநெல்வேலியில் மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினது 1903, தோர்ணக்கல் பேராயர் ஆனது 1912. பதவியெல்லாம் பின்னால் வந்தது. வாலிப வயதிலேயே தன் வீட்டு விஷயத்தில் ஊர் வழக்கத்தை எதிர்த்து நின்றுவிட்டார்.

ராயபுரம் மாமா: பிரியா, உன் அப்பாவுக்கு இப்படி நடந்தது எனக்குத் தெரியாதும்மா. ஜான், வரதட்சணையைப் பற்றிப் பேசு.

அம்மா: பேசட்டும், ஆனால் கமிட்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்களே, ஐயருக்கு ஏதாவது சங்கடம் வருமா?

ஜான்: அம்மா, ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் பேசாமல் விட மாட்டேன். அமத்சியா, தாத்தாவின் பாய், அக்சாள், அப்புறம் பவுன். இவ்வளவுதான். 20 நிமிஷத்துக்குள் முடித்துவிடுவேன்.

பெரம்பூர் பெரியப்பா: யாரையும் குத்திக்காட்டாதே, அழுது ஜெபித்துவிட்டுப் பேசு. நான் முன் பெஞ்சில் இருப்பேன். தமிழ் ஆராதனை 8 மணிக்குத்தானே?

ஜான்: ஆமாம் பெரியப்பா, 8 மணி. ஏழரைக்கு வண்டி எடுத்துக்கொண்டு நானே வந்து கூட்டிப்போகிறேன்.