உதவி: கெஸ்ட் எம்எஸ்ஆர் படித்தால் ஒரே வரி ஓயாமல் ஓடுகிறது

மண்டபம் கரை:
தடைக்காலம், அண்ணனின் விசைப்படகு கரையில் கிடக்கிறது. ஜூன் 14 வரை நேரம் இருக்கிறது. ஒரே இன்டெல் மினி கணினியில் ஒரு கோர் இன்ஜின் சூட்டைக் கவனிக்க வேண்டும், மற்ற கோர்களில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டருக்கு லினக்ஸ். லினக்ஸ் உறைந்து போனாலும் அலாரம் அடிக்க வேண்டும். கோர்களைப் பிரித்துக் கொடுக்கும் ஜெயில்ஹவுஸ் என்ற திறந்த மூல ஹைப்பர்வைசரைப் பார்த்து, கற்றுக்கொள்ளும் ஆசையில் சொந்தமாக ஒரு சின்ன ஹைப்பர்வைசர் (ஒரே கணினியில் பல இயங்குதளங்களைத் தனித்தனியே ஓட்டும் மென்பொருள்) எழுதுகிறேன்.

கெஸ்ட், அதாவது ஹைப்பர்வைசரின் கீழ் ஓடும் இயங்குதளம், ஹெக்ஸ் 277 எண்ணுள்ள எம்எஸ்ஆரை (ப்ராசஸரின் அமைப்பு ரெஜிஸ்டர்; இது நினைவகக் கேஷ் வகையைச் சொல்லும் பிஏடி) படித்ததும் ‘காரணம் 31, எம்எஸ்ஆர் 277’ (31 என்றால் எம்எஸ்ஆர் படிப்பு) என்று சீரியல் கன்சோலில் நிற்காமல் ஓடுகிறது. மதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறேன். எங்கே தப்பு?

பாம்பன் பாலம்:
தம்பி, ஆர்ஐபியை (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) நகர்த்தினீர்களா? டிராப் (trap) ஆன, அதாவது பிடிபட்டு ஹைப்பர்வைசரிடம் வந்த கட்டளை இன்னும் முடிந்ததாகக் கணக்கில்லை. அப்படியே திரும்பினால் கெஸ்ட் அதே கட்டளையைத்தான் மறுபடி ஓட்டும். கட்டளையின் நீளம் விஎம்சிஎஸ்ஸிலேயே (கெஸ்டின் நிலையை ப்ராசஸர் வைத்திருக்கும் நினைவகப் பகுதி) இருக்கும், இதற்கு 2 பைட். கூட்டிவிட்டுப் போங்கள்.

மண்டபம் கரை:
ஓட்டம் நின்றது, நன்றி அண்ணே! ஆனால் 0007040600070406 வர வேண்டிய இடத்தில் கீழ்ப்பாதி சரி, மேல்பாதி குப்பை.

பாம்பன் பாலம்:
64 பிட்டையும் ஆர்ஏஎக்ஸ் என்ற ஒரே ரெஜிஸ்டரிலேயே போட்டிருப்பீர்கள். கீழ் 32 ஈஏஎக்ஸில், மேல் 32 ஈடிஎக்ஸில்.

தொண்டி:
குறுக்கே வருகிறேன். படிப்பதை ஏன் டிராப் செய்கிறீர்கள்? விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று முறை வைப்பது சாதாரண ஹைப்பர்வைசர். இங்கே கோர் அவரவருக்கே சொந்தம், தலையீடு குறையக் குறைய நல்லது. விஎம் நுழைவில் கெஸ்டின் பிஏடியை ஏற்றும் கட்டுப்பாட்டைப் போட்டால், எந்த எம்எஸ்ஆரை டிராப் செய்வது என்று சொல்லும் பிட்மேப்பில் படிக்கும் பிட்டை 0 ஆக்கி விட்டுவிடலாம். எழுதுவதை மட்டும் பிடியுங்கள்.

அந்தப் பிட்மேப் 4 கேபி: படிக்கக் கீழ், படிக்க மேல், எழுதக் கீழ், எழுத மேல் என 1024 பைட் வீதம் நான்கு துண்டு. சி0000000-இல் தொடங்கும் எண்கள் மேல் துண்டுகளில் வரும். ஈஃபர் (சி0000080 எண்ணுள்ள எம்எஸ்ஆர்) டிராப் ஆவதற்கான பிட்டைக் கீழ்த்துண்டில் வைத்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். இரண்டு வரம்புக்கும் வெளியே உள்ள எண் எப்படியும் டிராப் ஆகும்.

மண்டபம் கரை:
தெரியாத எண் வந்தால் 0 கொடுத்துச் சமாளிக்கலாமா?

தொண்டி:
வேண்டவே வேண்டாம், பிழை எங்கோ தள்ளிப் போய் முளைக்கும். ஜெயில்ஹவுஸ் எண்ணைக் கன்சோலில் சொல்லிவிட்டு அந்தக் கோரையே நிறுத்திவிடும். முரட்டு வழிதான், ஆனால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இன்னொரு வழி, கெஸ்டுக்கு வெக்டர் 13 பிழையை (பொதுப் பாதுகாப்புப் பிழை) அனுப்புவது. பிழை வரலாம் என்று எதிர்பார்த்து எழுதிய இடங்களில் லினக்ஸ் தாக்குப்பிடிக்கும். அப்படி அனுப்பும்போது மட்டும் ஆர்ஐபியை நகர்த்தக் கூடாது.

மண்டபம் கரை:
ஐயோ, ஆர்ஐபி நகர்த்தலை ஹேண்ட்லரின் (டிராப்பைக் கையாளும் நிரல்) முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன்! மாற்றிவிட்டு வருகிறேன்.