ரன், செட், கெட்: இத்தனை அர்த்தத்தையும் மனப்பாடம் செய்யணுமா?

கடலோடி: பெரிய ஆங்கிலச் சொல் என்றால் அகராதியைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறேன், இந்த மூன்றெழுத்துச் சொற்கள்தான் உயிரை வாங்குகின்றன. பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறான். இதற்கு என்னதான் வழி?

தாழம்பூ: மனப்பாடமா, வேண்டவே வேண்டாம். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் செட்டுக்கு வினையாக மட்டும் சுமார் 430 பொருள், பிறகு திருத்தியபோது ரன் 645 என்று அதையும் முந்திவிட்டது. இதையெல்லாம் எந்த வெள்ளைக்காரனும் உருப்போடுவதில்லை. ரன்னில் ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், துவைத்தால் சாயம் போகும், கடை நடக்கும், எல்லாம் ரன்தான். அமெரிக்காவில் தேர்தலுக்கும் ரன், பிரிட்டனில் மட்டும் நம்மைப் போலவே நிற்பார்கள்!

ஊர்க்குருவி: ஆனால் எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை என்று நம்பிவிடாதீர்கள். சிமென்ட் செட் ஆவது பழைய ஆங்கில வினை, டீ கப் செட் என்கிறோமே, அந்தப் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, எழுத்து மட்டும் ஒன்று.

மழைக்காலம்: கூட ஒட்டிக்கொள்ளும் வாலையும் பாருங்க. கெட் அப் என்றால் எழு, கெட் ஓவர் என்றால் மீண்டு வா. அதைச் சேர்த்தே வாக்கியமாகப் படித்தால் போதும். நாமும் பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, அப்புறம் பாட்டும் பிடிக்கிறது, அதற்கு யார் அகராதி பார்த்தோம்?