சமரசர் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு: அறைக்குள் நாங்கள் பார்த்தவை

உரிமையியல் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். 40 மணி நேரச் சமரசப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். பயிற்சியில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பதுதான். ஒருவர் வாதி, ஒருவர் பிரதிவாதி, ஒருவர் சமரசர். வகுப்பில் எல்லா வழக்கும் அழகாக முடிந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உண்மையில் இழக்க எதுவும் இல்லையே!

சட்டப் பின்னணி ஓரளவு தெரியும். வழக்கை நீதிமன்றமே சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு 2002இல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. 2023இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. எனக்கு வேண்டியது இதெல்லாம் இல்லை. வாய்தா மேல் வாய்தாவாகக் கட்சிக்காரர்கள் தளர்ந்துபோவதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வர நினைத்தேன், இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். உண்மையான அறையில் உட்கார்ந்தவர்கள், ஒரு வழக்கு எங்கே நகர்ந்தது, எங்கே நகரவே இல்லை என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

* * *

மாவட்ட நீதிமன்றச் சமரச மையத்தில் சமரசராக இருக்கிறேன். ரகசியம் காப்பது எங்கள் கடமை. அதனால் உறவுமுறை, சொத்து, காலம் எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன். நடந்த விதம் மட்டும் நடந்தபடியே.

பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன், தங்கை, அப்பா கட்டிய ஒரே வீடு. தங்கை பாதிப் பங்கு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அளந்து இரண்டாகப் பிரிக்கக்கூடிய வீடு இல்லை. பணமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று அண்ணன் முன்பே வக்கீல் மூலம் சொல்லியிருந்தார், தொகையும் அப்படியொன்றும் அநியாயம் இல்லை. அப்படியிருந்தும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வழக்குக் கட்டை எத்தனை முறை புரட்டினாலும் காரணம் பிடிபடாது.

கூட்டு அமர்வில் தங்கை வாயே திறக்கவில்லை, அவருடைய வக்கீல்தான் பேசினார். தங்கையின் மடியில் எதிருரையின், அதாவது வழக்குக்கு அண்ணன் கொடுத்த எழுத்துப் பதிலின், நகல் இருந்தது. அதை ஒரே பக்கத்தில் திருப்பி மடித்து வைத்திருந்தார். மடித்த இடம் வெளுத்து, கிழியும் நிலைக்கு வந்திருந்தது. தனி அமர்வில் வீட்டு மதிப்பைப் பற்றி எதுவும் கேட்காமல், "அந்தப் பக்கத்துல என்னம்மா இருக்கு?" என்றேன். நீட்டினார். "வாதி தாயாரின் கடைசிக் காலத்தில் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை" என்று ஒரு வரி. "ஆஸ்பத்திரியில ராத்திரியெல்லாம் கூட இருந்தது நான்தான். எங்கண்ணனுக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சே எழுதியிருக்காரு" என்றார்.

இந்த மாதிரி வழக்கில் எதிருரை எழுதும்போது கை பழக்கத்தில் போட்டுவிடும் வரி அது. அம்மாவைப் பார்க்க வராததால் மகளின் பங்கு குறைந்துவிடாது, ஆகவே சட்டப்படி அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பயனில்லாத வரிதான் வழக்கைக் கட்டிப்போட்டிருந்தது. நீங்கள் வழக்கறிஞர் என்பதால் சொல்கிறேன்: கட்டைப் படிக்கும்போது நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டிய எழுவினாக்களை மட்டும் பார்க்காதீர்கள். யாரை எந்த வரி சுட்டிருக்கும் என்றும் பாருங்கள்.

"இதை அவர்கிட்ட கேட்கலாமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். தனி அமர்வில் ஒருவர் சொன்னதை, அவர் சரி என்று சொல்லாமல் மறுபக்கம் கொண்டுபோகவே கூடாது. அண்ணனிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தார், மறுபடியும் படித்தார். "இது நான் சொன்னதில்லையே சார்" என்றார். கீழே கையெழுத்து அவருடையதுதான். காட்டிய இடத்தில் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த அவருடைய வக்கீல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் சமரசர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கட்சிக்காரர் முன்னால் வக்கீலுக்குத் தலைகுனிவு வந்துவிட்டால் அவர் எழுந்துபோய்விடுவார், கட்சிக்காரரும் கூடவே போய்விடுவார். "எதிருரைன்னா எல்லாத்தையும் மறுத்துத்தானே சார் எழுத வேண்டியிருக்கு" என்றேன். அவரும், "ஆமா, வழக்கமாப் போடறதுதான். இதை நாங்க வலியுறுத்தலைன்னு சொல்லிடறோம்" என்றார். அந்த வக்கீல்தான் பிறகு ஒப்பந்தம் எழுத எனக்கு மிகவும் உதவியாக இருந்தவர்.

தங்கையிடம் நானே போய் விளக்கியிருக்கலாம். ஆனால் அண்ணன், "நானே சொல்றேன்" என்றார். எல்லோரும் உட்கார்ந்ததும், "அது பொய்ம்மா. அம்மாவை நீதான் பாத்துக்கிட்ட" என்றார். தங்கை பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டு மதிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அதுவும் கறாராக. அண்ணன் முன்பு சொன்ன தொகையை விட அதிகமாகவே கேட்டார். மனம் இளகினால் தொகையும் தானாக இறங்கிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே மாற்றம், அதற்குப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசியபோது பணத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அதற்கப்புறமும் சில அமர்வுகள் ஆயின. வழிகாட்டி மதிப்பா, சந்தை மதிப்பா? தவணை எத்தனை? தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தங்கை முதலில் எழுதிக்கொடுப்பதா, கடைசித் தவணைக்குப் பிறகா? பதிவுச் செலவு யாருடையது? தவணை தவறினால் என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் எல்லோரும் தயங்குவார்கள். "அதான் ஒண்ணாயிட்டோமே, அது எதுக்கு சார்?" என்பார்கள். எழுதியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தின்படி நீதிமன்றம் தீர்ப்பாணை பிறப்பித்த பிறகு ஏதாவது தகராறு வந்தால், அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில் அந்தப் பத்திதான் பேசும். தமிழில், முடிந்தவரை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து.

சமரசத்தில் முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் 69ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. கட்சிக்காரர்கள் வெளியில் தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் அந்தச் சலுகை உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் நான் எப்போதும் பயப்படுவது ஒன்றுக்குத்தான். வழக்கு முடிந்தால் போதும் என்ற அவசரம் கட்சிக்காரரை விட நமக்கு அதிகமாகிவிடக் கூடாது. வந்துவிட்டால் அவர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். யார் பலவீனமானவரோ அவரைத்தான் நாம் அழுத்த ஆரம்பிப்போம், ஏனென்றால் அவர்தான் சுலபமாக இறங்கி வருவார்.

* * *

மேலே சார் கடைசியாகச் சொன்னதற்கு என்னிடமும் ஓர் அனுபவம் இருக்கிறது. நான் சட்டம் படித்தவள் இல்லை, மனநல ஆலோசகர். சமரசர் வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. நானும் அதே 40 மணி நேரப் பயிற்சி முடித்துத்தான் குடும்ப வழக்குகளில் உட்காருகிறேன்.

சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரிக் கணவர் போட்ட மனு. கூட்டு அமர்வில் அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போகிறேன் என்றார், எந்த நிபந்தனையும் இல்லை என்றார். கேட்பவருக்கு, ஆஹா, அரை மணியில் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கணவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசினார். தனி அமர்வில் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் முடியாதுன்னு சொன்னா வெளியில போகும்போது உங்களால என்னைப் பாத்துக்க முடியுமா மேடம்?" என்று கேட்டார்.

அதற்கு மேல் என்ன சமரசம்? இருவரும் பயமில்லாமல் பேச முடிந்தால்தான் அதற்குப் பெயர் பேச்சுவார்த்தை. அவருடைய வக்கீலை அழைத்துப் பாதுகாப்புக்கு என்ன மனு போடலாம் என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள இடம் கொடுத்தேன். அந்தப் பெண் முதலில் கிளம்பிப் போக ஏற்பாடு செய்துவிட்டு அமர்வை முடித்தேன்.

நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் சமரசம் ஏற்படவில்லை என்று மட்டும்தான் எழுதினேன். "மனைவி ஒத்துழைக்கலைன்னு எழுதுங்க மேடம்" என்று கணவர் தரப்பில் வற்புறுத்தினார்கள். எழுத முடியாது என்றேன். காரணம் தெரிந்தால் நீதிபதிக்கு உதவுமே என்று அந்தப் பெண்ணின் தரப்பிலும் கேட்டார்கள், அவர்களுக்கும் அதே பதில்தான். மோத்தி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முடிந்தால் கையெழுத்தான ஒப்பந்தத்தை அனுப்பு, முடியாவிட்டால் முடியவில்லை என்று ஒரு வரி எழுது. உள்ளே யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகக் கூடாது. அறைக்குள் சொன்னது நாளை சாட்சியமாகும் என்று தெரிந்தால் அந்தப் பெண் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா?

அந்த வழக்கு எண்ணிக்கையில் தோல்விக் கணக்கில்தான் சேரும். சேரட்டும்.

* * *

நான் வணிக வழக்குகள் பக்கம். அங்கே கண்ணீர் குறைவு, கணக்கு அதிகம். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018இல் சேர்த்த 12ஏ பிரிவின்படி, அவசர இடைக்கால நிவாரணம் (உடனடித் தடையாணை போன்றது) கேட்காத வழக்கென்றால் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. அதனால் வேலை நிறைய வருகிறது. ஆனால் எதிர்த்தரப்பு வராமலே போய், தொடங்கவே இல்லை என்று அறிக்கை கொடுத்து மூடுவதும் நிறைய.

ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். சரக்கு அனுப்பியவர் பணம் வரவில்லை என்று வந்தார். முதலாளியே நேரில், கை நிறைய இன்வாய்சோடு. வாங்கிய கம்பெனியிலிருந்து வந்தவர் கணக்குப் பிரிவு ஊழியர். "நீங்க எவ்வளவு வரைக்கும் முடிவு சொல்லலாம்?" என்று கேட்டேன். "ஒரு ரூபாய்கூட இல்ல சார், எல்லாத்துக்கும் போன் பண்ணிக் கேக்கணும்" என்றார். அன்றைக்குப் பேச்சைத் தொடராமல், முடிவெடுக்கக்கூடியவர் வரட்டும் என்று தள்ளிவைத்தேன். அடுத்த முறை இயக்குநர் வந்தார். ஒரு லோடு பழுது, அதனால்தான் பணத்தை நிறுத்தினோம் என்றார். பழுது என்று எப்போது சொன்னீர்கள் என்று முதலாளி சீறினார். போனை எடுத்துக் காட்டினார் இயக்குநர். வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் முதலாளியிடம் வேலையை விட்டு எப்போதோ போய்விட்ட விற்பனை ஊழியரின் எண்ணுக்கு. அந்த லோடுக்கு எவ்வளவு கழிப்பது என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

வருமானத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நீதிமன்ற மையங்களில் கிடைப்பது மதிப்பூதியம்தான். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வழக்கறிஞர் தொழிலை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் நிலைத்த பிறகு கட்சிக்காரர்களே தேடி வந்து அமர்த்தும் தனியார் சமரசங்கள் வரும், அதில்தான் வருமானம். நீங்கள் சமரசராக உட்கார்ந்த தகராறில் பிறகு எந்தத் தரப்புக்கும் ஆஜராக முடியாது. முன்பே யாருடனாவது தொடர்பு இருந்தால் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சிறிய ஊர்களில் இருக்கும் வழக்கறிஞர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய இழப்பு, அதைத் தெரிந்தே வாருங்கள்.

* * *

மூன்று பேருக்கும் நன்றி. அந்த எதிருரைச் சம்பவத்தைப் படித்ததும் நான் தாக்கல் செய்த எதிருரைகளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும். பயிற்சி முடிந்தும் எனக்கு இன்னும் வழக்கு எதுவும் வரவில்லை. அதுவரை என்ன செய்யட்டும்?

* * *

முதலில், உங்கள் மாவட்ட மையத்தின் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் தானாக ஏறிவிடாது. அப்புறம், அனுபவமுள்ள ஒரு சமரசருடன் கூட உட்கார முடியுமா என்று கேளுங்கள். இரு தரப்பும் சம்மதித்தால்தான் அது நடக்கும். சம்மதித்தால் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

படிக்க வேண்டுமென்றால் உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு ஆஃப்கான்ஸ் தீர்ப்பைப் படியுங்கள். எந்த வகை வழக்கு சமரசத்துக்கு ஏற்றது, எது ஏற்றதில்லை என்று அதில் விவரமாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தையும் படியுங்கள். ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் அதன் சில பிரிவுகளை மட்டும்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மனுவில் ஒரு பிரிவைக் காட்டுவதற்கு முன் அது அமலில் இருக்கிறதா என்று அறிவிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமர்வில் கூட உட்காரும்போது குறிப்பு எடுத்தால் கட்சிக்காரர்கள் கிளம்புவதற்கு முன் அதைச் சமரசரிடம் கொடுத்துவிடுங்கள். நான் என் குறிப்புகளை வழக்கு முடிந்த அன்றே கிழித்துவிடுவேன், அவர்கள் கண்ணெதிரேயே.