கிட்னி மாத்தினவங்களுக்கு செல் தெரபி வந்தாச்சா? மாத்திரையை நிறுத்தலாமா?

அருமனை_பால்வெட்டு:
எங்க அண்ணனுக்கு அம்மை கிட்னி குடுத்து போன வருசம் ஆபரேஷன் நடந்துது. கிட்னி வேலை செய்யுதான்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா புதுக் கிட்னியை உடம்பு தள்ளாம இருக்க குடுக்குற டாக்ரோலிமஸ் மாத்திரை தொடங்கினதுல இருந்து கை நடுக்கம், அவன் ரப்பர் வெட்டுதவன், கத்தி பட்டையோட நிக்கணும், இப்ப கை நடுங்கி கத்தி பட்டைக்கு உள்ள இருக்குற தடியில பட்டு மரத்துல காயம் விழுது, தோட்டத்துக்காரரும் முகம் சுளிக்காரு. 2025 நோபல் பரிசு ரெகுலேட்டரி டி செல்லுக்கு குடுத்தாங்கல்லா, அந்த செல்லை ஏத்தினா மாத்திரையே வேண்டாம்னு சொந்தக்காரங்க சொல்லுதாங்க. திருவனந்தபுரத்துல கிடைக்குமா?

தக்கலை_லேப்:
தம்பி, விஷயம் உண்மைதான், ஆனா இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, காசு கட்டி ஏத்திக்கிடுற சிகிச்சை இல்ல. நம்ம எதிர்ப்பு சக்தி எல்லை மீறாம அடக்கி வைக்கிற செல் அது. நோயாளியோட ரத்தத்துல இருந்தே அதைப் பிரிச்சு லேப்ல பெருக்கி திரும்ப ஏத்துவாங்க. ஒன் ஸ்டடின்னு ஒரு ஆராய்ச்சி, ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் சேர்ந்து பண்ணி 2020ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துது. எதிர்ப்பு சக்தியை அடக்குற பலவித செல் ஏத்தின 38 பேர்ல 15 பேருக்கு, டாக்ரோலிமஸோட சேர்த்து குடுக்குற மைக்கோபினொலேட்ங்கிற இன்னொரு மாத்திரையை நிறுத்த முடிஞ்சுது, வைரஸ் தொற்றும் குறைவு. உடம்பு புதுக் கிட்னியை ஏத்துக்காம தாக்குற ரிஜெக்‌ஷன் 16 சதவீதம், செல் ஏத்தாதவங்களுக்கு 12, பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த 15 பேரும் டாக்ரோலிமஸை விடல. உங்க அண்ணனுக்கு கை நடுங்குறது அந்த மாத்திரையாலதானே.

குளச்சல்_காரன்:
எனக்கும் கிட்னி வச்சதுதான், ஆரம்பத்துல சாயா கிளாஸ் பிடிக்க முடியாது. டாக்டர் ரத்தத்துல டாக்ரோலிமஸ் லெவல் பாத்து டோஸ் குறைச்சாரு, சரியாச்சு. லெவல் பாக்கப் போற அன்னைக்கு காலை மாத்திரை போடாம போகணும், ரத்தம் குடுத்த பிறகுதான் போடணும், இல்லேன்னா கணக்கே தப்பா வரும். பம்பளிமாஸ் வேண்டாம், பூஞ்சைக்கு குடுக்குற சில மாத்திரையும் லெவலை ஏத்தும், மெடிக்கல்ல சும்மா வாங்கிப் போடாதீங்க.

அருமனை_பால்வெட்டு:
ரொம்ப நன்றிண்ணே. அவன் ராத்திரி டோஸை மட்டும் விட்டுப் பாக்கட்டான்னு கேக்கான்.

தக்கலை_லேப்:
ஐயோ வேண்டாம், ஒரு வேளை கூட தானா விடக்கூடாது. ரிஜெக்‌ஷன் தொடங்கினா முதல்ல வலியே இருக்காது, கிரியாட்டினின் ஏறின பிறகுதான் தெரியும், அம்மை குடுத்த கிட்னி தம்பி. ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் போடுற டாக்ரோலிமஸும் இருக்கு, சிலருக்கு அதுல நடுக்கம் குறையும், அது சரிப்படுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. அடுத்த செக்கப் வரை காத்திருக்காம நாளைக்கே போன் பண்ணுங்க, வெட்டுக்கத்தி பிடிக்க முடியலன்னு தெளிவா சொல்லுங்க.