மதுரை எல்லீஸ் நகர் பக்கம் மாலை 4 முதல் 6.30 வரை பிள்ளையை நம்பி விட ஓர் இடம் வேண்டும்

வணக்கம். மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி 3.45க்கு விடும். எனக்கு கப்பலூரில் வேலை, வீடு வர 6.30 ஆகிவிடும். கணவருக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் கடை, சாயங்காலம்தான் வியாபாரமே.

ஜூனில் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்து, மூன்று மாதப் பணத்தையும் முன்னாடியே கட்டினோம். வாரத்தில் இரண்டு நாளாவது 3.40க்கு வாட்ஸ்அப் வரும்: 'இன்று வகுப்பு இல்லை'. அதற்குள் ஆட்டோ கிளம்பியிருக்கும். போன செவ்வாய் நான் போய்ச் சேரும்போது, பூட்டிய கேட் முன்னால் படியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, ஆட்டோ அண்ணன் சவாரியை விட்டுவிட்டுக் கூடவே இருந்தார்.

அப்புறம் கராத்தே. போட்டி இருந்தால் மாஸ்டர் ஊரிலேயே இருக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு மாதம் பார்த்துக்கொண்டார். இப்போது முழங்கால் வலி. அம்மா உசிலம்பட்டியில், மாட்டை விட்டு வர முடியாது. பாட்டு, நடனம் எதுவும் சொல்லித்தராவிட்டாலும் சரி, ஆள் இருந்தால் போதும். மாதம் 3,000 வரை தருவோம்.

எல்லீஸ் நகர், பழங்காநத்தம், காளவாசல் பக்கம் திங்கள் முதல் வெள்ளி வரை தவறாமல் திறந்திருக்கும் டே கேர் அல்லது டியூஷன், உங்கள் பிள்ளையை விட்டுப் பார்த்த இடமாக, ஏதாவது உண்டா?