புதுப்பிப்பு: துறைமுகத்தைக் காக்கும் பணி முடிந்தது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில், 1592-ஆம் ஆண்டு ஜப்பான் கொரியா மீது நடத்திய படையெடுப்பைத் தழுவி வீரர் ஒருவர் உருவாக்கிய வரைபடத்தில், நான் காக்கும் கொரியத் துறைமுகம் எதிரியின் மூன்றாம் தாக்குதல் அலையிலேயே வீழ்ந்துவிடுவதாக இங்கு எழுதியிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி, நேற்று வென்றுவிட்டேன்.

நீங்கள் சொன்னவற்றில், கூடுதலாகக் கோபுரங்கள் கட்டும் யோசனை எனக்குப் பலன் தரவில்லை. எதிரியின் பீரங்கிக் கப்பல்கள் பீரங்கிக் கோபுரங்களின் சுடும் எல்லைக்கு வெளியே நின்றே அவற்றைத் தகர்த்துவிடுகின்றன. கைகொடுத்தது, கோபுரங்களை விட்டுவிட்டு ஆமைக் கப்பல்களை (கொரியர்களின் கவசப் போர்க்கப்பல்களை) கட்டச் சொன்ன யோசனைதான். பீரங்கிக் கப்பல்களை மிக அருகில் நெருங்கிவிட்டால் அவற்றால் சுடவே முடியாது. தொலைவிலிருந்து வரும் குண்டுகளும் மெதுவாக வருவதால், நகர்ந்துகொண்டே இருக்கும் கப்பல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் கப்பல்களைக் கரையோரம் ஒட்டி நிறுத்தி, தரையில் நின்ற ஆறு கிராமவாசிகளைக் கொண்டு பழுதுபார்த்தேன். இதற்கு மரத்தோடு தங்கமும் செலவாகும் என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. ஐந்தாம் அலையில் தங்கம் தீர்ந்து, இரண்டு கப்பல்களை இழந்தேன்.

எதிர்பாராதது ஒன்று: கடைசி அலையின்போது, காவலில்லாத மேற்குக் கரையில் போக்குவரத்துக் கப்பல்கள் சாமுராய்களை இறக்கின. அங்கே சில வில் வீரர்களையாவது முன்கூட்டியே நிறுத்திவையுங்கள்.